சாலை மேஸ்திரிக்குக் கொடுத்த அடைக்கலம்

பெயர்: தஹ்பியா. தகப்பனார்: அலி உ சயீத், காலமானவர். கணவர்: மெஸியான், சென்ற ஆண்டு மலைக்கோட்டை முற்றுகையில் இறந்தவர். வயது: பிறந்த ஆண்டு தெரியாது, நாற்பது இருக்கலாம் என்று எழுத்தரே பார்த்து எழுதிக்கொண்டார். மதம்: இஸ்லாம். தொழில்: சொந்த அத்தித் தோட்டத்தில் பாடு, இப்போது தொழில் இல்லை. முகவரி: கபிலி மலையில் இகில் உஸெமூர் கிராமம், மேல் தெரு. மேற்படி வீடு இப்போது இல்லை என்பதால், இந்த நகரத்தில் துறைமுகத்துக்குப் பின்னால் தோல் பதனிடுகிறவர்கள் சந்தில், என் பெரியம்மா மகள் ஃபெட்டா வீட்டில் தங்கியிருக்கிறேன்.

1872 ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் விசாரணை நீதிபதி முன்பாக ஆஜராகி, மொழிபெயர்ப்பாளர் வழியாக என்னை விசாரித்ததில் நான் கூறுவதாவது.

எண்ணெய் ஆலைக் கொலை வழக்கில் குற்றம் சாட்டப்பட்டு இந்த நகரச் சிறையில் இருக்கும் பெலயீத் என் உடன்பிறந்த தம்பி. உடன்பிறந்தவள் என்பதால் என்னிடம் சத்தியம் வாங்க சட்டத்தில் இடமில்லை என்றும், தகவலுக்காக மட்டும் நான் சொல்வதைக் கேட்டுக்கொள்வதாகவும் நீதிபதி சொன்னார். எதிர்ச்சாட்சியான வோக்லேரிடம் இதே அறையில் காலையில் சத்தியம் வாங்கியிருக்கிறார்கள் என்பதைக் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

மேற்படி வோக்லேரை எனக்கு நன்றாகத் தெரியும். அவர் பிரெஞ்சுக்காரர். எங்கள் மலையைச் சுற்றிக் கோட்டைக்குப் போகிற சாலையைப் போட வந்த மேஸ்திரி. எங்கள் ஊர் ஆண்கள் பலர் அவரிடம் கல் உடைத்தார்கள். என் தம்பியும் உடைத்தான். வோக்லேர் எங்கள் பாஷை பேசுவார். கழுதையைப் பெண்ணாகவும் பெண்ணை ஆணாகவும் மாற்றி மாற்றிச் சொல்வார், ஊற்றில் தண்ணீர் எடுக்கும் பெண்கள் அதற்காகவே அவரை வழிமறித்துப் பேச்சுக் கொடுப்பார்கள். அத்தி பழுக்கும் காலத்தில் எங்கள் தோட்டத்து மரத்தடியில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறார். ஒருமுறை பாறைக்கு வைத்த வெடி முன்னதாகவே வெடித்ததில் பெலயீத்தின் இடது கையில் இரண்டு விரல்கள் போயின. அதன் பிறகு வோக்லேர் அவனை வேலைக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டார். இந்தக் காரணத்தால் என் தம்பிக்கு அவர்மேல் வருத்தம் இருந்தது உண்மை. இதை நான் மறைக்கவில்லை.

சென்ற வசந்தத்தில் சந்தைக்குச் சந்தை ஆட்கள் வந்து, பிரெஞ்சுக்காரர்களை எதிர்த்து எல்லாக் கோத்திரங்களும் எழுந்துவிட்டன என்று கூவினார்கள். என் கணவர் மற்றவர்களோடு மலைக்கோட்டையை வளைக்கப் போனார். பெலயீத்தை, ஊருக்குக் காவல் வேண்டும், நீ இரு என்று ஊர்த்தலைவர் ஸி லூனிஸ் நிறுத்திவைத்தார்.

அதன் பிறகு ஒரு நாள் நடுப்பகலில் நான் வாசலில் பார்லி புடைத்துக்கொண்டிருந்தபோது, வோக்லேர் கீழ்ச்சரிவிலிருந்து ஏறி ஓடி வந்தார். தலையில் தொப்பி இல்லை. ஒரு காலில்தான் செருப்பு இருந்தது. அவருக்குப் பின்னால் தூரத்தில் கூச்சல் கேட்டது. அவர் நேராக என்னிடம் வந்து, என் இடுப்புத் துணியின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு, "தங்கச்சி, உன் அனாயா, நான் உன் அனாயா" என்று சொன்னார்.

அனாயா என்றால் என்ன என்று நீதிபதி கேட்டதன் பேரில் சொல்கிறேன். ஒருவர் வந்து அடைக்கலம் என்று கேட்டு, இன்னொருவர் சரி என்று சொல்லிவிட்டால், அந்த நொடியிலிருந்து கேட்டவரின் உயிருக்குக் கொடுத்தவர் பொறுப்பு. அது நேற்றுவரை அடித்துக்கொண்ட எதிரியானாலும் அப்படித்தான். கொடுத்தவரின் வீட்டார் மட்டும் அல்ல, ஊர் முழுவதும் அதற்குக் கட்டுப்பட்டது. வீட்டில் ஆண் இல்லாதபோது மனைவி கொடுக்கலாம், அதுவும் அதே அனாயாதான். அதை உடைக்கிறவரை எங்கள் ஊர் விடுவதில்லை. பிரெஞ்சுச் சட்டத்தில் இதற்கு என்ன பெயர் என்று மொழிபெயர்ப்பாளர் யோசித்தார், பிறகு அந்த வார்த்தையை அப்படியே எழுதச் சொன்னார்.

நான் அவருக்குச் சரி என்று சொன்னேன். யோசித்துச் சொன்னேனா என்று கேட்டால், இல்லை. அவர் என் துணியை விடவில்லை. சொல்லிவிட்டேன். வீட்டுக்குள் போகச் சொன்னேன்.

அதற்குள் ஆட்கள் வந்துவிட்டார்கள். கொல்லன் அக்லி முன்னால் நின்றான், கையில் அரிவாள் இருந்தது. அவன், "அவன வெளிய அனுப்புக்கா. ரோடு போட்டான்ல, அதே ரோட்டுல நாளைக்குப் பீரங்கி வரும்" என்றான்.

நான், "அனாயா குடுத்துட்டேன்" என்றேன்.

"யாரக் கேட்டுக் குடுத்த?"

"வீட்டுல ஆம்பள இல்ல. இருந்திருந்தா அவர் குடுத்திருப்பார்."

"புருஷன் அங்க பிரெஞ்சுக்காரனச் சுடப் போயிருக்கான். நீ இங்க பிரெஞ்சுக்காரனுக்கு விருந்து வைக்கிற. நல்லா இருக்கு குடும்பம்!"

அப்போது பெலயீத் துப்பாக்கியோடு வந்து சேர்ந்தான். என்னைப் பார்த்தான், உள்ளே சுவரோரம் ஒண்டி நின்ற வோக்லேரையும் பார்த்தான். அவன் கண் போன போக்கைக் கண்டு நான் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டேன். பிறகு அவன் என்னிடம், "குடுத்துட்டியா?" என்று கேட்டான். "குடுத்துட்டேன்" என்றேன். அவன் கூட்டத்தின் பக்கம் திரும்பி, விரல் போன கையை அக்லியின் முகத்துக்கு நேரே காட்டி, "ரெண்டு வெரலு போனது எனக்கு. நானே சும்மா நிக்கிறேன், நீ எதுக்குடா குதிக்கிற?" என்றான். இரண்டு மூன்று பேர் சிரித்துவிட்டார்கள். அதற்குப் பிறகு அரிவாள் கீழே இறங்கியது. பெலயீத் வாசல்படியில் உட்கார்ந்து துப்பாக்கியை மடியில் வைத்துக்கொண்டான்.

அவன் அப்படி உட்கார்ந்திருந்தபோதுதான் பள்ளத்தாக்கில் எண்ணெய் ஆலையிலிருந்து புகை எழுந்தது. எண்ணெய் எரிகிற புகை என்பதால் கறுப்பாக, கனமாக ஏறியது. வோக்லேர் உள்ளேயிருந்து வந்து பெலயீத்தின் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து, "லெக்லான், லெக்லான்" என்று ஆலை முதலாளியின் பெயரைச் சொல்லிச் சொல்லி அழுதார். பெலயீத் அவரிடம், "உள்ள போங்க மேஸ்திரி. நின்னு பாத்தா அணைஞ்சிடவா போகுது" என்றான். லெக்லானும் அவர் தம்பியும் அந்தத் தீ எரிந்த நேரத்தில் கொல்லப்பட்டார்கள் என்பது மறுநாள்தான் எங்களுக்குத் தெரிந்தது. கொன்றவர்கள் ஆற்றுக்கு அப்பாலிருந்து வந்தவர்கள் என்று கேள்விப்பட்டேன், நேரில் பார்க்கவில்லை. என் தம்பி என் வாசலில் இருந்ததை நேரில் பார்த்தேன். வோக்லேரும் பார்த்தார்.

அதன் பிறகு வோக்லேர் கோடை பிறக்கும்வரை என் வீட்டில் இருந்தார். அவரைக் கட்டிவைக்கவில்லை. உள்ளறையைக் கொடுத்தேன். நாங்கள் சாப்பிட்ட, பார்லி ரவையை அவித்த கூஸ்கூஸ்தான் அவருக்கும். எண்ணெய் தீர்ந்துகொண்டு வந்தபோது அவர் தட்டில் ஊற்றிவிட்டு எங்களுக்கு ஊற்றாமல் விட்டிருக்கிறேன். விருந்தாளிக்கு அப்படித்தான் செய்வோம், பெருமைக்காகச் சொல்லவில்லை. அவருடைய உடை கிழிந்துபோனதால் என் கணவரின் கம்பளி அங்கியைக் கொடுத்தேன். பெலயீத் ஒவ்வொரு நாளும் வாசலிலேயே இருந்தான். முதலில் இருவரும் பேசிக்கொள்ளவில்லை. பிறகு வாசலுக்கு உள்ளே ஒருவரும் வெளியே ஒருவருமாக உட்கார்ந்து கூழாங்கல் ஆட்டம் ஆடினார்கள். வோக்லேர் தோற்றால் கோபித்துக்கொள்வார்.

என் கணவர் கோட்டைச் சுவருக்கு ஏணி வைக்கும்போது சுடப்பட்டு இறந்தார் என்ற செய்தி அப்போதுதான் வந்தது. உடல் கிடைக்கவில்லை. ஒப்பாரி வைக்க ஊர்ப்பெண்கள் எல்லாம் என் வீட்டுக்கு வந்தார்கள். செத்தவரின் அங்கியைப் போட்டுக்கொண்டு ஒரு பிரெஞ்சுக்காரர் அதே வீட்டில் இருப்பதைப் பார்த்து, அக்லியின் தாய் அழுகையை நிறுத்திவிட்டு, "மெஸியானக் கொன்னவங்க ஆளு மெஸியான் துணியிலயே நிக்குதே, உனக்கு எரியலயாடி?" என்று கேட்டாள். பெண்கள் போன பிறகு வோக்லேர் அங்கியைக் கழற்றி மடித்து என் முன்னால் வைத்தார். குளிர் இன்னும் இருந்தது. நான் எடுத்து மறுபடி அவரிடமே கொடுத்தேன். அப்போது அவர், "இந்த உசுரு இனிமே நீ குடுத்தது, தங்கச்சி. எங்க போனாலும் நான் இத மறக்க மாட்டேன்" என்று சொன்னார். சொல்லும்போது அழுதார். பொய்யாக அழுததாக எனக்கு இன்றுவரை தோன்றவில்லை. அதனால்தான் இதைச் சொல்கிறேன்.

அதன் பிறகு முற்றுகை உடைந்து, பிரெஞ்சுப் படை அந்தச் சாலை வழியாகவே பீரங்கிகளோடு வந்தது. எதிர்மலையில் இரண்டு ஊர்கள் எரிவதைப் பார்த்தோம். ஊர்க்கூட்டம் கூடியது. பெண்கள் சுவருக்குப் பின்னால் நின்று கேட்டோம். சிலர் சண்டை போடலாம் என்றார்கள், சிலர் மலை உச்சிக்கு ஏறிவிடலாம் என்றார்கள். உச்சிக்கு ஏறினால் கிழடுகளை என்ன செய்வது என்று ஒருவர் கேட்டார். அப்போது வோக்லேர் எழுந்து, தன்னைக் கீழே அனுப்பினால் தளபதியிடம் பேசுவதாகச் சொன்னார். துப்பாக்கிகளை ஒப்படைத்துத் தண்டம் கட்டினால் ஊரைத் தொட மாட்டார்கள் என்றார்.

ஸி லூனிஸ் அவரிடம், "மேஸ்திரி, நீங்க நல்ல மனுஷன்தான். ஆனா நீங்க கல்லு ஒடைக்கிற மேஸ்திரி. உங்க வார்த்தைக்குத் தளபதி கட்டுப்படுவாரா?" என்று கேட்டார்.

அதற்கு வோக்லேர், "அவருக்கு நான் பொறுப்பு. இந்த ஊரு எனக்கு அனாயா குடுத்துச்சு. இப்ப நான் இந்த ஊருக்கே அனாயா குடுக்கிறேன்" என்று எங்கள் பாஷையில் சொன்னார். அன்று அவர் பேச்சில் ஒரு பிழையும் இல்லை. யாருக்கும் சிரிப்பு வரவில்லை. அந்த வார்த்தையைச் சொன்ன பிறகு மேற்கொண்டு சந்தேகப்படுவது எங்களுக்கு மரியாதை இல்லை. ஸி லூனிஸ் எழுந்து அவர் தலையில் முத்தமிட்டார். அக்லிகூடத் தலையை அசைத்தான்.

அதன் பிறகு பெலயீத்தான் அவரைக் கீழே கூட்டிப்போனான். பாதியில் படைக் காவலர்கள் சுட்டார்கள். பெலயீத் வோக்லேரைப் பாறைக்குப் பின்னால் தள்ளிவிட்டுத் தன்னுடைய அங்கியைக் கழற்றி வீசிக் காட்டினான். அங்கியில் குண்டு துளைத்திருந்ததைத் திரும்பி வந்தபோது நான் பார்த்தேன். தைத்துக் கொடுத்தேன்.

மறுநாள் வோக்லேர் ஒரு அதிகாரியோடும் சிப்பாய்களோடும் மேலே வந்தார். புதுச் செருப்பு போட்டிருந்தார். ஊர்ச்சதுக்கத்தில் நின்று, தளபதி ஒப்புக்கொண்டார், துப்பாக்கிகளைக் கொண்டுவந்து போடுங்கள், ஆண்கள் எல்லாரும் இங்கே நில்லுங்கள், பெயர் எழுதிக்கொண்டு விட்டுவிடுவார்கள் என்று அறிவித்தார். என் வீட்டைக் கடந்து போகும்போது என்னிடம், "கதவத் தெறந்தே வையி தங்கச்சி, பயப்பட ஒண்ணுமில்ல" என்றார். நான் திறந்தே வைத்தேன். சிப்பாய்களுக்குக் கொடுக்கலாம் என்று காய்ந்த அத்தியை ஒரு கூடையில் எடுத்து வாசலில் வைத்தேன்.

துப்பாக்கிகள் எல்லாம் குவிந்த பிறகு சிப்பாய்கள் சதுக்கத்தை வளைத்துக்கொண்டார்கள். அதிகாரி ஆண்களின் வரிசைக்கு முன்னால் நடந்தார். வோக்லேர் பக்கத்தில் நடந்து, சிலர் முன்னால் நின்று விரல் நீட்டினார். விரல் நீட்டப்பட்டவர்களைக் கட்டினார்கள். முதலில் அக்லி. பிறகு ஸி லூனிஸ். பெலயீத் கூப்பிடாமலே ஓரடி முன்னால் வந்து நின்றான். தன்னைப் பற்றி மேஸ்திரி அதிகாரியிடம் நல்ல வார்த்தை சொல்லுவார் என்று நினைத்துக்கொண்டு வந்தான். அவன் முகத்தில் சிரிப்பு இருந்தது. வோக்லேர் அவன் முகத்தைப் பார்க்காமல் அதிகாரியிடம் ஏதோ சொன்னார். எனக்குப் பிரெஞ்சு தெரியாது, ஆனால் ஆலை என்ற வார்த்தை தெரியும், எங்கள் ஆண்கள் கூலிக்குப் போகிற இடம் என்பதால். அந்த வார்த்தையைக் கேட்டேன். கையைப் பின்னால் கட்டும்போதும் என் தம்பி வோக்லேரின் பக்கமே பார்த்துக்கொண்டு, "மேஸ்திரி, சொல்லுங்க மேஸ்திரி, அவங்ககிட்டச் சொல்லுங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தான். அவர்கள் தன்னைத் தவறாகப் புரிந்துகொண்டார்கள் என்றே அவன் நினைத்தான்.

நான் ஓடிப்போய் வோக்லேரின் சட்டைக் கையைப் பிடித்தேன். அவர் என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தார், முரட்டுத்தனமாக அல்ல, மெதுவாக.

அன்று சாயங்காலத்துக்குள் வீடுகளுக்குத் தீ வைத்தார்கள். எங்கள் தோட்டத்தில் அத்தி மரங்களை வெட்டினார்கள். அத்தியை வெட்டினால் பால் வடிந்து கை ஒட்டும். சிப்பாய்கள் புல்லில் கையைத் துடைத்துத் துடைத்து வெட்டினார்கள். வாசலில் நான் வைத்த கூடையிலிருந்து எடுத்துத் தின்றுகொண்டே வெட்டினார்கள். அக்லியை மறுநாளே சுட்டார்கள். ஸி லூனிஸ் இந்த நகரச் சிறையில் காய்ச்சலில் இறந்துவிட்டதாக ஃபெட்டா விசாரித்து வந்து சொன்னாள்.

அதன் பிறகு குளிர்காலத்தில், விதைப்புக்கு ஏதாவது மிஞ்சியிருக்குமா என்று பார்க்க நான் ஊருக்குப் போனேன். என் தோட்டத்தில் குச்சி நட்டுக் கயிறு கட்டியிருந்தார்கள். வோக்லேர் அங்கே இருந்தார். கிளர்ச்சி செய்த ஊர்களின் நிலத்தை அரசாங்கம் எடுத்துப் பாதிக்கப்பட்டவர்களுக்குக் கொடுக்கிறது என்றும், தோட்டமும் ஊற்றுவரை உள்ள சரிவும் தன் பங்குக்கு வந்திருக்கிறது என்றும் சொன்னார். பிறகு உட்காரச் சொன்னார். என் தோட்டத்தில் என்னை உட்காரச் சொன்னார். நான் நின்றேன்.

நான் அவரிடம், "பெலயீத் ஆலைக்குப் போகலன்னு உங்களுக்குத் தெரியாதா?" என்று கேட்டேன்.

அவர் தரையைப் பார்த்துக்கொண்டு, "தெரியும் தங்கச்சி. நான் என்ன பண்ணட்டும்? கீழ போனதும் அவங்க கேட்ட மொதக் கேள்வியே, மத்தவங்க எல்லாம் செத்தாங்க, நீ மட்டும் எப்படிப் பொழச்சேன்னுதான். விருந்தாளியா இருந்தேன்னு சொன்னா என்னையும் கலகக்காரனோட சேத்துருவாங்க. கைதியா இருந்தேன்னு சொன்னேன். கைதிக்கு நிலம் குடுக்கிறாங்க. விருந்தாளிக்கு ஒண்ணுமில்ல" என்றார்.

"சரி, கைதின்னே இருக்கட்டும். பெலயீத்த ஏன் ஆலையில நிறுத்துனீங்க?"

"அனாயாவ ஒடச்சவன உங்க ஊரு விடாதுன்னு எனக்குத் தெரியாதா? அவன் வெளிய வந்தா மொத வேலையா எங்க வருவான்?"

இவ்வளவும் அவர் சொன்னார். கேட்க எங்கள் இருவரைத் தவிர அங்கே ஆள் இல்லை. எனக்குக் கொஞ்சம் விறகு எடுத்துக்கொண்டு போகலாம் என்று சொன்னார். வெட்டிப்போட்ட எங்கள் அத்தி மரங்களைக் காட்டிச் சொன்னார். நான் எடுக்கவில்லை.

இன்று நீதிபதி வோக்லேரை இந்த அறைக்கு வரவழைத்து, அவர் காலையில் கொடுத்த சாட்சியத்தை எனக்கு மொழிபெயர்த்து வாசிக்கச் செய்தார். நான் அவரை வஞ்சகமாக வீட்டுக்குள் இழுத்து, தொழுவத்துக் கட்டையில் கயிற்றால் கட்டிவைத்தேன் என்றும், ஆலை எரிந்த அன்று பெலயீத் தீப்பந்தத்தோடு கீழே போனதைத் தான் கண்டதாகவும் அதில் இருந்தது. நான் மேலே கண்டபடி நடந்ததைச் சொன்னேன். நீதிபதி பொறுமையாகக் கேட்டுவிட்டு, ஊரே ஆயுதம் எடுத்திருந்த காலத்தில், கணவனைப் பறிகொடுத்த ஒரு பெண், ஒரு பிரெஞ்சுக்காரருக்கு எண்ணெய் ஊற்றிச் சோறு போட்டாள் என்பதையும், விரலை இழந்தவன் அவருக்குக் காவல் இருந்தான் என்பதையும் எந்த நீதிமன்றமும் நம்பாது என்றார். இதைப் பார்த்த வேறு யாராவது இருக்கிறார்களா என்று கேட்டார். ஸி லூனிஸ் இல்லை, அக்லி இல்லை. மற்றவர்களும் இதே வழக்கில் கட்டப்பட்டிருக்கிறார்கள், அவர்கள் பேச்சு எடுபடாது. மிச்சம் இருப்பவர் வோக்லேர் ஒருவர்தான்.

அப்போது எனக்கு ஒன்று விளங்கியது. நான் கொடுத்தது அனாயா என்று நான் சொல்லச் சொல்ல, என் தம்பியைத் தலை வெட்டும் மேடைக்குக் கொண்டுபோகிறார்கள். ஆகவே வோக்லேரிடம் சில கேள்விகள் கேட்க அனுமதி வேண்டினேன். நீதிபதி கொடுத்தார்.

நான், "உன்னக் கட்டி வெச்சது யாரு, மேஸ்திரி?" என்று கேட்டேன்.

அவர், "நீதான்" என்றார்.

"நான் ஒருத்தியா?"

அவர் பெலயீத்தின் பெயரைச் சொல்ல விரும்பாமல், "ஆமா, நீதான்" என்றார்.

"இந்த ரெண்டு கையாலயா? வெடிக்கு அசையாத பாறைய நெம்பித் தள்ளுற ஆளு நீ. ஒரு பொம்பள தனியா நின்னு, பால் மாட்டக் கட்டுற மாதிரி உன்னக் கட்டி, வசந்தம் முடியிற வரைக்கும் தீனி வெச்சா, நீ வால ஆட்டிக்கிட்டு நின்ன. அப்படித்தானே? அய்யாகிட்ட அப்படியே சொல்லு, எழுதிக்கட்டும்."

மொழிபெயர்ப்பாளர் இதைப் பிரெஞ்சில் சொன்னதும் எழுத்தர் சிரித்தார். கதவருகே நின்ற இரண்டு காவலர்களும் சிரித்தார்கள். நீதிபதி சிரிக்கவில்லை, ஆனால் மீசையைத் தடவிக்கொண்டார். வோக்லேரின் முகம் காதுவரை சிவந்தது. அவர் காவலர்கள் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டு, நீதிபதியிடம் உரக்கப் பேசினார். அதை மொழிபெயர்ப்பாளர் எனக்குச் சொன்னபடி சொல்கிறேன்: "அவ ஒருத்தியா இருந்திருந்தா நான் ஒரு நிமிஷத்துல போயிருப்பேன் அய்யா. அவ தம்பி துப்பாக்கியோட வாசல்ல உக்காந்திருந்தான்."

நீதிபதி, எப்போதிலிருந்து என்று கேட்டார்.

"நான் அந்த வீட்டுக்குள்ள போன நேரத்துலேருந்து."

நடுவில் எப்போதாவது வாசலை விட்டுப் போனானா என்று நீதிபதி கேட்டார்.

"அன்னைக்குப் பொழுது சாயிற வரைக்கும் நகரவே இல்ல. நகர்ந்திருந்தா நான் அங்க இருந்திருப்பேனா?"

எழுத்தரின் பேனா நின்ற பிறகுதான் வோக்லேருக்குத் தான் சொன்னது உறைத்தது. ஆலை எரிந்தது அதே நாள், அதே நேரம். அவர் இல்லை, இல்லை, நடுவில் ஒருமுறை போனான் என்று சொல்ல ஆரம்பித்தார். சத்தியம் செய்து சொன்னதை இந்த அறையில் ஏலம் போட முடியாது என்று நீதிபதி சொல்லி, எழுதியதை வாசித்துக் காட்டி அவரைக் கையெழுத்துப் போடச் சொன்னார். போட்டார்.

அதன் பிறகு நீதிபதி என்னிடம், வோக்லேர் கையெழுத்திட்டதன் பேரில் பெலயீத்மேல் உள்ள கொலைக் குற்றச்சாட்டு நிற்பது கடினம் என்றும், ஆனால் ஆயுதம் எடுத்த குற்றத்துக்கு மற்றவர்களோடு அவனும் கப்பலில் தூரத் தீவுக்கு அனுப்பப்படக்கூடும் என்றும் சொன்னார். ஒரு பிரெஞ்சுக் குடிமகனைச் சட்டவிரோதமாக அடைத்துவைத்த குற்றத்துக்கு என்மேல் தனி வழக்கு வரும், அதை ஒப்புக்கொள்கிறாயா, மறுக்கிறாயா என்று கேட்டார். மறுத்தால், தம்பி அன்று வாசலில் காவல் இருந்தான் என்பதும் இல்லாமல் போய்விடும் என்பதை நான் அறிவேன். மறுக்கவில்லை. அவரை எந்தக் கயிற்றால் கட்டினேன் என்று எழுத்தர் கேட்டார். எந்தக் கயிறு வேண்டுமோ அதை எழுதிக்கொள்ளுங்கள் என்றேன். ஆட்டு மயிர்க் கயிறு என்று எழுதிக்கொண்டார்.

வோக்லேர் வெளியே போகும்போது என் பக்கத்தில் நின்று எங்கள் பாஷையில், "தங்கச்சி, உன்ன நீயே மாட்டிக்கிட்டியே" என்றார். உண்மையான வருத்தத்தோடுதான் சொன்னார். தங்கச்சி என்று இனிமேல் என்னைக் கூப்பிட வேண்டாம் என்று சொன்னேன்.

கடைசியாக நீதிபதி, மேற்படி வோக்லேர் தன் உயிருக்குப் பயந்து நிலத்தில் சிப்பாய்க் காவல் கேட்டு மனுக் கொடுத்திருப்பதாகச் சொல்லி, அனாயாவை உடைத்ததற்காக என் ஆட்கள் அவரை ஏதாவது செய்வார்களா என்று என்னைக் கேட்டார். அதற்கு என் பதில்: அனாயாவை உடைத்தவரிடம் தனி ஆள் கணக்குக் கேட்பதில்லை, ஊர் கூடித்தான் கேட்க வேண்டும், அதுதான் எங்கள் வழக்கம். எங்கள் ஊர் இப்போது இல்லை. அவர் காவல் இல்லாமலே தூங்கலாம்.

நான் சொன்னதும், நான் மறுக்காமல் விட்டதும் மேலே எழுதப்பட்டிருக்கின்றன. மொழிபெயர்ப்பாளர் முதலிலிருந்து கடைசிவரை என் பாஷையில் வாசித்துக் காட்ட, கேட்டுக்கொண்டேன். கூட்டவும் குறைக்கவும் ஒன்றுமில்லை. எழுதத் தெரியாது என்பதால் எழுத்தர் காட்டிய இடத்தில் என் கையால் கோடு இழுத்திருக்கிறேன்.

தஹ்பியா, அலி உ சயீத்தின் மகள், மெஸியானின் மனைவி — அவர் கீறல்.